கருவியும் நிரலும் கூடும் இடம்

கோட்டாற்றுக் கடைவீதியில் ஒரு மளிகைக் கடையின் கல்லாவை நோக்குவோமாயின், இக்காலத்தில் அங்கே நான்கு பொருள்கள் ஒருங்கே இருக்கக் காணலாம். ஒன்று கணிப்பொறி, ஏனையவை அதனோடு இணைந்த விசைப்பலகையும், மின்னணுத் தராசும், பில் அச்சிடும் சிறு பொறியுமாம். கடைக்காரர் சரக்கின் பெயரை விசைப்பலகையில் தட்டுகின்றார். தராசு நிறையைச் சொல்லுகின்றது. அச்சுப்பொறி சீட்டைத் தருகின்றது. இம்மூன்று கருவிகளும் வெவ்வேறு தொழிற்சாலைகளில், ஒருவரை ஒருவர் அறியாதார் கையால் ஆனவை. கணக்குப் போடும் நிரலை இயற்றியவரோ இவற்றைக் கண்ணாற் கண்டிருக்கவும் வேண்டுவதில்லை. அங்ஙனமிருந்தும் இவை நான்கும் கூடி ஒரு காரியத்தை முடிக்கின்றன. இஃது எவ்வாறு கைகூடுகின்றது என்பதையும், எவ்விடத்துக் கைகூடாமற் போகின்றது என்பதையும் இங்கு ஆராயப் புகுகின்றோம். ஒரு சிறு எல்லைக்கோட்டை எங்கே வகுப்பது என்னும் தீர்மானத்தினால் தமிழ் எழுத்தே சில காலம் அல்லற்பட்டது; ஆதலின் இது கணிதம் பயிலும் மாணவர்க்கு மட்டும் உரிய விஷயமன்று.

கணிப்பொறியின் புறத்தே நின்று தொழில் செய்யும் கருவி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயல்பு உண்டு. யு.எஸ்.பி. விசைப்பலகை தானாக வாய் திறவாது. கணிப்பொறி சில மில்லி விநாடிக்கு ஒருமுறை கேட்டால்தான் விடை கூறும். பழைய பாணித் தராசோ கேளாமலே ஓயாது நிறையைச் சொல்லிக்கொண்டிருக்கும். அச்சுப்பொறி சிறிது வாங்கிக்கொண்டு, "பொறு" என்று நிறுத்தி, மறுபடியும் வாங்கும். இத்தகைய குணபேதங்களையெல்லாம் அறிந்து அந்தந்தக் கருவியோடு நேரே பேசும் நிரலுக்குச் சாதன இயக்கி என்று பெயர். அது கர்னல் எனப்படும் மூலாதார நிரலின் அங்கமாய் நிற்பது. கடைக்காரர் கையாளும் கணக்கு நிரல், கடிதம் எழுதும் நிரல் முதலியன பயனர் நிரல்கள். இவை கருவியைத் தாமே தொடலாகாது என்பது சட்டம். இரண்டு நிரல்கள் ஒரே வேளையில் ஓர் அச்சுப்பொறியைத் தொடுமாயின் இருவர் பில்லும் ஒன்றாய்க் கலந்துவிடும் அன்றோ? மேலும் பயனர் நிரலில் பிழை நேரின் அந்நிரல் ஒன்றே வீழும். இயக்கியில் பிழை நேரின் கணிப்பொறி முழுதும் அசைவற்று நிற்கக் கூடும். ஆகையால் அபாயமான பகுதியை ஒரு வேலிக்கு அப்பால் நிறுத்தி, வேலியில் ஒரு வாயில் மட்டும் வைத்தனர். அவ்வாயிலையே இடைமுகம் என்கின்றோம்.

அவ்வாயிலை எத்துணை எளிதாக அமைக்கலாம் என்பதை உலகிற்குக் காட்டியவர் அமெரிக்க தேசத்தில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி என்னும் இருவர். 1969-ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் ஏற்பாட்டில், கருவி ஒவ்வொன்றும் ஒரு கோப்பைப் போலவே தோன்றும். பயனர் நிரல் அக்கோப்பைத் திறக்கும், படிக்கும், எழுதும், மூடும். அவ்வளவே. அச்சுப்பொறிக்கு எழுதுவதும் காகிதக் கணக்கிற்கு எழுதுவதும் ஒரே வினைச்சொல்லால் முடிந்தன. நாள் செல்லச் செல்ல, இந்நான்கு வினைகளுக்குள் அடங்காத சில்லறைக் காரியங்கள் பல தோன்றின. கம்பியின் வேகத்தை மாற்று, நாடாவைச் சுற்று என்றாற் போன்ற கட்டளைகளுக்கு இடம் வேண்டியிருந்தது. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இதற்கென ஐ-ஓ-கன்ட்ரோல் என்னும் ஐந்தாம் வழி ஒன்று வகுக்கப்பட்டது. வீட்டில் எங்கும் வைக்க இடமில்லாத சாமான்களைப் பரணில் ஏற்றுவது நம்மவர் வழக்கம். அவ்வழியும் அத்தகைய பரணாகவே முடிந்தது. பரண் இல்லாத வீட்டில் வசிப்பது கஷ்டம்; ஆயினும் அதில் என்ன இருக்கின்றதென்று வீட்டாரே அறியாமற் போவதும் உண்டு. அவசியமானாலன்றி அங்கே எதையும் ஏற்றாதிருப்பதே இயக்கி எழுதுவோர்க்கு நன்று என்பது நம் கருத்து.

இனி விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம். "கோட்டாறு" என்னும் சொல்லைத் தமிழ்99 முறையில் தட்டுவதாக வைத்துக்கொள்வோம். அம்முறையில் உயிர்கள் இடப்பக்கத்திலும் மெய்கள் வலப்பக்கத்திலும் அமைந்துள்ளன. ஆங்கிலப் பலகையின் எச் என்னும் விசை க. எக்ஸ் விசை ஓ. இரண்டும் சேர்ந்து "கோ" ஆகும். ஓ என்னும் ஆங்கில விசை ட; அதனை இருமுறை தட்டினால் முதல் டகரம் தானே புள்ளி பெற்று "ட்ட" என நிற்கும். க்யூ விசை ஆ. அதனால் "ட்டா" ஆயிற்று. யு விசை ற, டி விசை உ, "று" முடிந்தது. ஆக ஏழு தட்டுக்கள்.

இவ்வேழு தட்டுக்களைப் பற்றி இயக்கி அறிந்தது யாது? லினக்ஸ் என்னும் ஏற்பாட்டில், விசைப்பலகையின் இயக்கி பயனர் உலகத்திற்குத் தருவன 35, 45, 24, 24, 16, 22, 32 என்னும் ஏழு எண்களே. ஒவ்வோர் எண்ணோடும் அது நிகழ்ந்த நேரமும், அழுத்தப்பட்டதாயின் 1, விடப்பட்டதாயின் 0, நெடுநேரம் அழுத்தியவாறே இருப்பின் 2 என்னும் குறியும் உடன் வரும். 35 என்பது க என்றோ, எச் என்றோ இயக்கி கூறுவதில்லை. "இன்ன இடத்திலுள்ள விசை அசைந்தது" என்பதே அதன் வாக்குமூலம். அவ்வெண்களைத் தமிழாக்குவது வேலிக்கு இப்பால், பயனர் பக்கத்தில் நிற்கும் உள்ளீட்டு நிரலின் கடமை. அது வாங்கிக்கொண்ட ஏழு எண்களை, யூனிக்கோடு முறையில் எட்டுக் குறியீடுகளாக மாற்றுகின்றது: க, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, ஆகாரக் குறி, ற, உகரக் குறி. கோப்பில் எழுதுங்கால் ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக, மொத்தம் இருபத்துநான்கு பைட்டு ஆகும். இலக்கணப்படி எண்ணினாலோ கோ, ட், டா, று என எழுத்து நான்கே. விரலுக்கு ஏழு, குறியீட்டுக்கு எட்டு, கோப்புக்கு இருபத்துநான்கு, தொல்லிலக்கணத்திற்கு நான்கு! ஒரே சொல்லுக்கு நான்கு கணக்குகள் உள்ளனவாதலின், இவற்றுள் எதனை இயக்கி அறிந்திருக்க வேண்டும் என்னும் வினா எழுகின்றது. விரலின் கணக்கு ஒன்றையே அது உண்மையாக அறியும். ஆதலின் அதனை மட்டும் சொல்லி அமைவதே முறை.

இயக்கியே "க" என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாகாதோ என்று நேயர் வினவலாம். முதல் நாள் சுலபமாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் அதே விசைப்பலகையில் ஒருவர் ஆங்கிலம் எழுத வருவார். நம் ஜில்லாவில் மலையாளம் எழுதுவாரும் உளர், அவரும் வருவார். தமிழிலேயே தமிழ்99 பழகியவரும், பழைய தட்டச்சு முறை பழகியவரும், ஆங்கில ஒலிப்படி தட்டுவாரும் வெவ்வேறு. இவர்களனைவர்க்கும் ஏற்ப இயக்கியைத் திருத்த வேண்டுமாயின், ஒவ்வொரு முறையும் கர்னலின் உள்ளே கை வைக்க நேரிடும். இது ஊகமன்று, ஏறக்குறைய இதுவே நிகழ்ந்தது.

தட்டச்சுப் பொறியில் விசையும் எழுத்தும் ஒரே இரும்புத் தண்டின் இரு முனைகள். யாழ்ப்பாணத்தவராகிய ஆர். முத்தையா அவர்கள் தமிழுக்கென ஒரு விசைப்பலகையை வகுத்துத் தட்டச்சுப் பொறியை அமைத்த காலத்தில், விசையையும் எழுத்தையும் பிரிக்கும் வகையே இல்லை. இரும்பு அதற்கு இடங்கொடாது. கணிப்பொறியோ இடங்கொடுத்தது, ஆனால் நாம் பழைய வழக்கத்தை விடவில்லை. 1980களிலும் 90களிலும் சென்னை, சிங்கப்பூர், மலேசியா, கனடா முதலிய இடங்களில் தமிழன்பர் பலர் தத்தம் முயற்சியால் தமிழ் எழுதும் மென்பொருள்களை ஆக்கினர். அவர்கள் உழைப்பை நாம் குறைத்துரைக்கவில்லை. அக்காலத்தில் வேறு வழியும் இல்லை. எனினும் அம்மென்பொருள்களிற் பல, விசைப்பலகை முறை, எழுத்துருவம், சேமிக்கும் குறியீடு ஆகிய மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டின. எட்டு பிட்டுக் குறியீட்டில் ஆங்கிலத்திற்கு மேற்பட்டு எஞ்சிய இடம் நூற்றிருபத்தெட்டு. அதனுள் தமிழ் வடிவங்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசையில் இட்டனர். ஒற்றைக் கொம்பை முன்னே, மெய்யைப் பின்னே, காலை அதன் பின்னே என்று கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமித்தவரும் உண்டு. விளைவு யாது? ஒருவர் எழுதிய கட்டுரை, மற்றொருவர் கணிப்பொறியில் பொருளற்ற கிறுக்கலாகத் தோன்றிற்று. அகர வரிசைப்படுத்தலும் சொல்தேடலும் கைகூடவில்லை.

இந்நிலையைச் சீர்செய்யவே 1997-இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளும் தரமாக அறிவிக்கப்பெற்றன. பின்னர் யூனிக்கோடு பரவிற்று. 2010-ஆம் ஆண்டு தமிழக அரசும் அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. இவற்றுள் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. டாமும் டாப்பும் இன்று வழக்கொழிந்தன. அவற்றோடு பிறந்த தமிழ்99 விசைப்பலகை மட்டும் இன்றும் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் உயிரோடிருக்கின்றது. காரணம், விசை முறை என்பது குறியீட்டிலிருந்து பிரிக்கத்தக்கதாய் இருந்தமையே. கீழே குறியீடு மாறிற்று. மேலே விரல் பழகிய வழி மாறவில்லை. மூன்றையும் ஒரே மூட்டையாய்க் கட்டியவர் நூல்களோ, மாற்றுநிரல் கொண்டு ஒவ்வொன்றாய்ப் பெயர்க்கப்பட வேண்டியனவாயின. பெயர்ப்பார் இல்லாத கோப்புக்கள் பழைய தட்டுக்களிலேயே கிடந்து அழிந்தன. பழைய கல்லூரி மலர்களும் சங்கக் கணக்குகளும் அங்ஙனம் யார் வீட்டிலேனும் இருப்பின், எழுத்துரு அடையாளம் தெரியும்போதே அவற்றைப் பெயர்த்து வைத்தல் நலம்.

கருவி செய்யத்தக்கதைச் செய்வது வேறு. அதனை எவருக்கு, எப்பொழுது, எவ்வாறு பயன்படுத்துவது என்று தீர்மானிப்பது வேறு. நாஞ்சில் நாட்டார்க்கு இவ்வேற்றுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. திருவிதாங்கூர் அரசு 1906-இல் முடித்த பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய் வழியே வயலண்டை வந்து சேருகின்றது. மடையின் பலகை ஏறும், இறங்கும். அதன் அறிவு அவ்வளவே. இன்று யார் வயலுக்கு முறை, கன்னிப்பூவுக்கு எத்தனை நாள், கும்பப்பூவுக்கு எத்தனை நாள் என்பன பலகையில் செதுக்கப்பட்டிரா. செதுக்கியிருந்தால், பயிர் மாறும் ஆண்டில் மடையை இடித்தன்றோ கட்ட வேண்டும்! இயக்கி மடைப்பலகை போன்றது. தீர்மானம் வயலுக்குரியார் பக்கத்தில் இருத்தல் வேண்டும். யூனிக்ஸ் மரபில் வந்தோர் இதனை, இயக்கி சக்தியைத் தருக, கொள்கையைத் தராதொழிக என்று உரைப்பர்.

அங்ஙனமாயின் இயக்கி எவ்வளவு குறைவாகச் சொல்லுகின்றதோ அவ்வளவு நன்று என்று கொள்ளலாமோ எனின், கூடாது. தராசு இதற்குச் சான்று. பழைய பாணி மின்னணுத் தராசு ஒரு தொடர்க்கம்பி வழியே எழுத்து வரிகளை அனுப்புகின்றது. அக்கம்பியின் இயக்கி வந்த பைட்டுக்களை வந்தபடியே பயனர் நிரலிடம் ஒப்படைக்கும். அது தராசா, வேறு யந்திரமா என்பதும் அதற்குத் தெரியாது. தொழிற்சாலைதோறும் வரியின் அமைப்பு வேறு. ஒன்றில் நிறை முன்னே, அலகு பின்னே. மற்றொன்றில் அலகே இராது. ஆகவே கடைக்காரர் புதுத் தராசு வாங்கினால் கணக்கு நிரலையும் திருத்த ஆள் தேட வேண்டியதாகின்றது. இங்கே எல்லைக்கோடு மிகத் தாழ்ந்துவிட்டது. விசைப்பலகையில் "க" என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் "இரண்டு கிலோ நூறு கிராம்" என்பது யாவர்க்கும் ஒன்றே. எல்லோர்க்கும் ஒரே பொருளுடையதைக் கருவியின் பக்கத்திலேயே சொல்லிவிடல் தகும். யு.எஸ்.பி. கருவிகளுக்கு விதிவகுத்த சபையார், தராசுகளுக்கெனப் பொதுவான ஓர் அமைப்பையும் வகுத்துள்ளனர். அதனைத் தழுவிய தராசு எவருடையதாயினும், நிறை, அலகு, நிலை ஆகிய மூன்றும் குறித்த இடத்தில் வந்து நிற்கும்.

அம்மூன்றனுள் "நிலை" என்பதைச் சிறிது ஊன்றி நோக்குவோம். பழுதுற்றது, சுழியில் நிலைத்தது, இன்னும் அசைகின்றது, நிறையில் நிலைத்தது, சுழிக்குக் கீழ்ப்பட்டது, தாங்கும் அளவை மீறியது, அளவு திருத்த வேண்டும், மீண்டும் சுழியாக்க வேண்டும் என எட்டு நிலைகள் அவ்விதியில் உள்ளன. தட்டில் ஒன்றுமில்லை என்பதும், தராசு பழுதாயிற்று என்பதும் இரண்டு வெவ்வேறு செய்திகள். இயக்கி இவ்விரண்டிற்கும் "0" என்றே விடை தருமாயின், கணக்கு நிரல் அதனை நம்பி விலை சுழி என்று பில் போடும். நட்டம் கடைக்காரர்க்கு. தட்டு ஆடிக்கொண்டிருக்கும்போதே வந்த எண்ணை நிறை என்று கொண்டால், நட்டம் ஒருகால் வாங்குவோர்க்கும் ஆகும். தராசுக் கோலில் முள் நின்ற பின்னரே நிறை கூறுவது வியாபாரிகளின் பழைய வழக்கம். அவ்வழக்கத்தை இடைமுகத்திலும் வைக்க ஒருவர்க்குத் தோன்றியது நன்றே. இயக்கி எழுதப் பயிலும் மாணவர் பெரும்பாலும் வெற்றி வழியையே நினைத்து எழுதுகின்றனர். தோல்வியை எச்சொல்லால் தெரிவிப்பது என்பதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகின்றனர். அப்பின்னர் வருவதேயில்லை.

காத்திருத்தல் என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்தது. பயனர் நிரல் "படி" என்று கேட்கும்போது தராசு இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாயின், இயக்கி அந்நிரலை உறங்க வைத்து, செய்தி வந்தபின் எழுப்புவது பொது வழக்கம். கம்பி கழன்று கிடந்தால் அவ்வுறக்கம் முடிவில்லாததாகும். கணக்கு நிரல் அசையாது நிற்க, கடையில் கூட்டம் பெருகும். ஆதலின் நல்ல இடைமுகம், காத்திரேன் என்று சொல்லிக் கேட்பதற்கும், பல கருவிகளையும் ஒருங்கே நோக்கி எது முதலில் பேசுகின்றதோ அதனைக் கேட்பதற்கும், இத்துணை நேரத்திற்குமேல் பொறேன் என்று சொல்வதற்கும் வழிவிடும்.

அச்சுப்பொறியில் பிழை மறுபுறமாக நேர்ந்தது. பில் அச்சிடும் வெப்ப அச்சுப்பொறிகளிற் பெரும்பாலானவை, எப்சன் நிறுவனம் வகுத்த கட்டளை முறையைப் பின்பற்றுகின்றன. அம்முறையில் எழுத்து வடிவங்கள் பொறியின் உள்ளேயே பதிந்திருக்கும். "65-ஆம் எழுத்தை இடு" என்றால் அது ஆங்கில ஏகாரத்தை இடும். ஆங்கிலம் எழுதுவோர்க்கு இது மிகச் சௌகரியம். எண்பது மில்லிமீட்டர் அகலமுள்ள சுருளில் அச்சிடத்தக்க பரப்பு எழுபத்திரண்டு மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளியாக ஒரு வரிசைக்கு 576 புள்ளி. எழுத்தொன்றுக்குப் பன்னிரண்டு புள்ளி அகலமாதலின் வரிக்கு 48 எழுத்து. 48 பைட்டு அனுப்பினால் ஒரு வரி முடிந்தது. ஆனால் பல பொறிகளில் தமிழ் வடிவங்கள் பதிந்திருப்பதில்லை. பதித்தாலும், "கோ" என்னும் ஓர் எழுத்தின் ஓகாரக் குறி இரண்டாய்ப் பிளந்து ககரத்திற்கு இருபுறமும் நிற்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. எல்லைக்கோடு இங்கே மிக உயர்ந்துவிட்டது. எழுத்தறிவு கருவியின் உள்ளே சென்று ஒளிந்துகொண்டமையால், கருவி அறியாத மொழிக்கு வாயில் அடைபட்டது.

நல்லவேளையாக அப்பொறிகளில் மற்றொரு சிறு வாயிலும் உண்டு. எழுத்தாக அன்றி, வெறும் புள்ளிப் படமாகவும் வாங்கிக்கொள்ளும். தமிழில் பில் தரும் கடைகள் பெரும்பாலும் அவ்வழியே செல்கின்றன. பயனர் பக்கத்து நிரல் தமிழ் வரியை முதலில் படமாக எழுதி, அப்படத்தின் புள்ளிகளை அனுப்புகின்றது. இதற்குச் செலவு யாது? 576 புள்ளி என்பது 72 பைட்டு. இருபத்துநான்கு புள்ளி உயரமுள்ள ஒரு வரிக்கு 1,728 பைட்டு. ஆங்கில வரிக்கு 48 பைட்டு போதுமாயிருக்க, தமிழ் வரிக்கு முப்பத்தாறு மடங்கு. விநாடிக்கு 9,600 பிட்டு செல்லும் பழைய கம்பியில் விநாடிக்கு 960 பைட்டுத்தான் போகும். எனவே ஒரு தமிழ் வரிக்கு ஒன்றேமுக்கால் விநாடிக்குச் சற்று மேலாகும். இருபது வரியுள்ள பில்லுக்கு அரை நிமிஷத்திற்கு மேல். தமிழ் பில் தாமதம் என்று முன்னாளில் எழுந்த குறை தமிழின் குறையன்று. அடைபட்ட வாயிலின் குறை. இன்றைய யு.எஸ்.பி. கம்பியில் இவ்வேற்றுமை கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே புள்ளி என்னும் தாழ்ந்த எல்லையே முடிவில் எல்லா மொழிகளையும் காத்தது. லினக்ஸில் கர்னலினுள் நிற்கும் அச்சு இயக்கி, வந்த பைட்டுக்களைக் கடத்துவதோடு அமைகின்றது; படமாக்கும் வேலை, கப்ஸ் என்னும் பயனர் பக்கத்து ஏற்பாட்டிற்கு உரியது. புதிதாய் ஒரு மொழி வந்தாலும் கர்னலைத் தொட வேண்டுவதில்லை.

எல்லை எங்கே என்று தீர்ந்த பின்னர், அதனை மாற்றாதிருத்தல் அடுத்த கடமை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸில் இதுபற்றிய ஒழுங்கு வேடிக்கையானது. கர்னலின் உள்ளே இயக்கிகள் தமக்குள் பேசும் முறை எப்பொழுது வேண்டுமாயினும் மாறலாம். அதற்கு எவரும் உறுதி கூறுவதில்லை. ஆனால் பயனர் நிரலை நோக்கிய வாயிலை மட்டும் மாற்றலாகாது. நேற்று ஓடிய நிரல் இன்று ஓடாமற் போனால் பிழை கர்னலினுடையதே என்று டோர்வால்ட்ஸ் பலகாலும் கண்டிப்பாய்க் கூறியிருக்கின்றார். வீட்டினுள் சுவரை இடித்துக் கட்டலாம், தெருவாயிலை நகர்த்தலாகாது.

இவ்வுறுதியைக் காப்பது எத்துணை அருமை என்பதற்கு முன்சொன்ன விசைச் செய்தியே உதாரணம். அச்செய்தியில் முதலில் நிற்பது நேரம். முப்பத்திரண்டு பிட்டு யந்திரத்தில் நேரத்திற்கு எட்டுப் பைட்டு. ஆதலின் செய்தி முழுவதும் பதினாறு பைட்டு. அறுபத்துநான்கு பிட்டு யந்திரத்தில் நேரத்திற்கே பதினாறு, செய்தி இருபத்துநான்கு. ஒரே பெயருடைய செய்தி இரண்டு அளவில் வருகின்றது! பழைய நிரலைப் புது யந்திரத்தில் ஓட்டினால், எந்த அளவில் கேட்கின்றதென்று கர்னலே உணர்ந்து அதற்கேற்ப வெட்டிக் கொடுக்க வேண்டியிருக்கின்றது. இதனினும் பெரிய சங்கடம் ஒன்றுண்டு. 1970-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து விநாடிகளை எண்ணும் வழக்கத்தில், குறியோடு கூடிய முப்பத்திரண்டு பிட்டு எண் 2038-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள், நம் நாட்டு நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடியோடு நிரம்பிவிடும். விசைச் செய்தியின் அளவை மாற்றினால் பழைய நிரல்கள் கெடும். மாற்றாவிட்டால் நேரம் கெடும். முடிவில் அளவை மாற்றாமல், அவ்வெண்ணைக் குறியில்லாத எண்ணாகக் கொள்வது என்று வகுத்தனர்; இதனால் 2106 வரை தவணை கிடைத்தது. முதலில் அச்செய்தியை வகுத்தவர் அளவைப் பொருத்தமட்டில் சற்றுத் தாராளமாக இருந்திருந்தால் இத்தொல்லை நேர்ந்திராது. காலி இடம் சிறிது விட்டு வைத்து, அதில் சுழியே இருத்தல் வேண்டும் என்று முதல் நாளே விதிப்பது இப்போதைய நல்வழக்கம். சுழியல்லாதது வந்தால் இயக்கி மறுத்துவிட வேண்டும். மறுக்காமல் விட்டால், குப்பையை அனுப்பிப் பழகிய நிரல்கள் பெருகி, அவ்விடத்தைப் பின்னர் ஒருகாலும் உபயோகிக்க முடியாமற் போகும்.

மறுத்தல் என்றவுடன் பந்தோபஸ்தும் நினைவுக்கு வருகின்றது. பயனர் நிரல் நீட்டும் எந்த எண்ணையும் இயக்கி சோதியாமல் ஏற்றலாகாது. நூறு மூட்டை என்று சீட்டு வந்தால் கிடங்குக்காரர் எண்ணிப் பாராமல் வரவு வைப்பாரோ? நீளம் நூறு என்று சொல்லிப் பத்தே பைட்டு தருவதும், தனக்கு உரிமையில்லாத நினைவிடத்தைத் தன்னதென்று காட்டுவதும் கள்ள நிரல்களின் வழக்கம். மற்றொன்று: விசைச் செய்தியைப் படிக்க வல்லவன் எல்லோருடைய கடவுச்சொல்லையும் படிக்க வல்லவன். ஆகையால் லினக்ஸில் அக்கோப்புக்கள் நிர்வாகிக்கும், அதற்கென அமைந்த ஒரு குழுவினர்க்கும் மட்டுமே திறக்கும்படி வைக்கப்பட்டுள்ளன. வாயில் அமைப்போர் பூட்டையும் உடன் அமைத்தல் வேண்டும். பின்னர்ப் பூட்டினால், திறந்தே பழகியவர் கூக்குரலிடுவர்.

இவற்றை நேரே காண விரும்பும் மாணவர் லினக்ஸ் நிறுவிய ஒரு கணிப்பொறியில், ஆசிரியர் அனுமதியோடும் நிர்வாகி உரிமையோடும், ஈவிடெஸ்ட் என்னும் சிறு நிரலை ஓட்டிப் பார்க்கலாம். கருவிகளின் அட்டவணை ஒன்று தோன்றும். அதில் விசைப்பலகையின் எண்ணைக் கொடுக்க வேண்டும். தமிழ்99 முறையை இயக்கிக்கொண்டு, "கோட்டாறு" என்று மெல்லத் தட்டுக. 35 அழுத்தல், 35 விடுத்தல், 45 அழுத்தல், 45 விடுத்தல் என்று வரிகள் ஓடும். பின்னர் ஆங்கில முறைக்கு மாற்றிக்கொண்டு, அதே விசைகளை அதே வரிசையில் மறுமுறையும் தட்டுக. எண்களில் யாதொரு மாறுதலும் காணப்படாது. அதன்பின் யு.எஸ்.பி. தராசோ வேறு கருவியோ கிடைக்குமாயின் அதனையும் இணைத்து, இயக்கி அதைப்பற்றி என்ன சொல்லுகின்றது, கம்பியைப் பிடுங்கியவுடன் என்ன சொல்லுகின்றது என்று குறித்துக்கொள்க.